கதவு வசனம்

முக்கோலைக் குன்றின் மேல் சுவாமிதாஸ் வீடு கட்டி, அதற்குள் லிப்ட் வைத்ததுவரை போன வாரம் பார்த்தோம். வீட்டில் இருப்பது கணவனும் மனைவியுமாக இரண்டே பேர். லிப்டில் ஆறு பேர் ஏறலாம். மீதி நான்கு பேர் யார் என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. சுவாமிதாஸின் முகத்துக்கு நேரே கேட்டவர்களும் இல்லை.

மொட்டைமாடியில் நின்றால் விழிஞ்ஞம் துறைமுகத்தின் கிரேன்கள் வரிசையாகத் தெரியும். அங்கே கடலுக்குள் கொட்டியிருக்கும் கல்லில் பாதி தன் குவாரிக் கல் என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வார். பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். யார் கடலில் முங்கிப் பார்க்கப் போகிறார்கள்?

அந்தக் குவாரியில்தான் இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்த வெடியில் மஹேஷ் என்ற தொழிலாளியின் கால் போனது. பாறை தம்பி ஞானாபரணத்தின் பங்கு. பெர்மிட்டும் தம்பி பெயரில்தான் இருந்தது. ஆனால் தொழிலை நடத்தியது அண்ணன். அன்று வெடி வேண்டாம் என்று தம்பி சொல்ல, வைத்தே தீர வேண்டும் என்று போனில் அதட்டியதும் அண்ணன். போலீஸ் வந்தபோது, "அது தம்பியோட இடம், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்னவரும் அதே அண்ணன்தான். தம்பி பதினான்கு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வழக்கு வருகிற திங்கட்கிழமை நெய்யாற்றின்கரை கோர்ட்டில் எடுக்கப்படுகிறது. போன தடவை வராத சுவாமிதாஸ் இந்த முறை சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். அவர் உண்மையைச் சொன்னால் தம்பி தப்பிப்பார். பழையபடியே சொன்னால் தம்பிக்குச் சிறைதான்.

இன்று சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்கு வீட்டுப் பிரதிஷ்டை.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டின் தலைவாசலுக்கு மேல் வேத வசனம் ஒன்றைக் கல்லில் பதிப்பார்கள். அதற்குக் கதவு வசனம் என்று பெயர். பிரதிஷ்டை அன்று சபைப் போதகரான ஐயர் ஜெபித்துத் திரையை விலக்குவார். வசனம் எந்த அதிகாரத்தில் இருக்கிறதோ, அந்த அதிகாரம் முழுவதையும் வீட்டுக்காரரின் கூடப்பிறந்தவர் ஒருவர் வாசலில் நின்று வாசிக்க வேண்டும். கூடப்பிறந்தவர் வாசிக்காத வீட்டில் சமாதானம் தங்காது என்பார்கள். அதனால்தான் இரண்டு வருடமாகப் பேசாத தம்பிக்கு சுவாமிதாஸ் அழைப்பிதழ் அனுப்பினார். தானே போகவில்லை. டிரைவர் கையில் கொடுத்தனுப்பினார். ஊரே கூடும்போது தம்பி எங்கே என்று ஒரு வாய் கேட்டுவிடக் கூடாதே.

சாதாரணமாக எல்லாரும் கதவு வசனத்தை வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்துதான் எடுப்பார்கள். வாசிக்கவும் சுகம், கேட்கவும் சுகம், பலகாரம் ஆறுவதற்குள் முடிந்தும்விடும். சுவாமிதாசுக்கு அது போதாது. ஊரில் வேறு எந்த வீட்டிலும் இல்லாத வசனம் வேண்டும் என்றார். அதில் கன்மலை வர வேண்டும், உயரமும் வர வேண்டும். தேடித் தரும் வேலையை மனைவி சுசீலாபாயிடம் விட்டார்.

சுசீலாபாய் இருபத்திரண்டு வருடம் ஞாயிறு பள்ளி டீச்சர். வசனப் போட்டியில் மூன்று முறை டயோசிஸ் பரிசு வாங்கியவள். எந்த வசனத்தின் முதல் வார்த்தையைச் சொன்னாலும் கடைசி வார்த்தைவரை சொல்லுவாள் என்று பெயர். அந்தப் பெயரே அவளைக் கெடுத்தது. அவள் வேதத்தைப் புரட்டவே இல்லை. டைல்ஸ் கடையில் பாத்ரூம் கல் பார்த்துக்கொண்டிருந்தபோது, போனில் இருக்கும் வேதத்தில் 'கன்மலை', 'உயரம்' என்று இரண்டு வார்த்தையைத் தட்டினாள். ஒபதியா தீர்க்கதரிசி என்று ஒரு வரி வந்தது. வரி முழுதாக வரவில்லை. கன்மலையின் உயரத்தில் குடியிருக்கிறவனே என்பதோடு நின்று, பக்கத்தில் மூன்று புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியைத் தட்டிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அப்படியே கல் கொத்துகிற வீரபாண்டிக்கு அனுப்பிவிட்டாள்.

காலை எட்டு மணிக்கு, சாயங்காலம் வாசிப்பதற்காகப் பெரிய வேதாகமத்தில் தங்க ரிப்பன் வைக்க அந்த இடத்தைத் தேடி எடுத்தாள். ஒபதியா மொத்தமே ஒரு அதிகாரம். ஒரு பக்கத்தில் முடிந்துபோகிற புத்தகம். நின்றபடியே வாசித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.

அது ஆசீர்வாதமே அல்ல, நியாயத்தீர்ப்பு. கன்மலையின் உயரத்தில் குடியிருந்தவன் ஏதோம். யாக்கோபின் அண்ணன் ஏசாவின் வம்சம். என்னைக் கீழே தள்ள யாரால் முடியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டவன். நீ கழுகு பறக்கிற உயரத்துக்குப் போய்க் கூடு கட்டினாலும் அங்கிருந்தும் உன்னை இறக்குவேன் என்று கர்த்தர் அவனிடம் சொல்கிறார். ஏன் என்பதும் அங்கேயே இருந்தது. தம்பிக்கு ஆபத்து வந்த நாளில், அந்நியர் அவனைப் பிடித்துக்கொண்டு போன நாளில், அண்ணன் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அதற்காக வெட்கம் உன்னை மூடும் என்றிருந்தது.

பாறை, உயரம், அண்ணன், தம்பி என்று ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையும் அதில் இருந்தன. அதைத் தங்க எழுத்தில் வாசலுக்கு மேல் பதித்தாகிவிட்டது. சாயங்காலம் அந்தத் தம்பியே வந்து நின்று நானூறு பேர் முன்னால் அதை வாசிக்கப் போகிறார்.

சுவாமிதாஸ் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் பந்தல்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், வசனம் அவ்வளவு சரியில்லை, சங்கீதமாக மாற்றிவிடலாமா என்று கேட்டாள். ஏன் சரியில்லை என்பதைச் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் தன் பிழையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு தம்பியின் கதையையும் சொல்ல வேண்டும். கல்லை வைத்த பிறகு என்ன மாற்றம் என்று அவர் கையை வீசினார். நல்ல வார்த்தைதானே எழுதியிருக்கிறது என்றார். ஹார்பர் எஞ்சினியர்மாருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. வாசிக்கிறவரிடமே போய்க் கேட்பது.

பாலராமபுரத்தில் ஞானாபரணம் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கு அவள் இதற்குமுன் வந்ததில்லை. வக்கீலுக்காகச் சொந்த வீட்டை விற்றபிறகு அவர் ஆட்டோ ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள், அவ்வளவுதான். கார் அந்தத் தெருவுக்குள் நுழையவில்லை. முனையில் இறங்கி நடந்தாள். பட்டுச்சேலையில் அந்தத் தெருவில் நடந்தது அவளுக்கே என்னவோபோல் இருந்தது.

தம்பி மனைவி பிரிஸில்லா முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஞானாபரணம்தான் காக்கிச் சட்டையோடு வெளியே வந்தார். "வாங்க மைனி" என்று சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

வரும் வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் சுசீலாபாய்க்குக் கைகொடுக்கவில்லை. சுற்றிவளைத்துச் சொல்லத் தொடங்கினாள். பாதியிலேயே ஞானாபரணம் கையை உயர்த்தினார்.

"எனக்குத் தெரியும் மைனி. வீரபாண்டி கொத்திக்கிட்டிருக்கும்போதே போட்டோ அனுப்பினான். எடுத்து வாசிச்சுப் பாத்தேன்."

"பின்னே ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். கிறிஸ்மஸ் பெருநாளைக்கு முந்தின வாரம், மத்தியானம். வாட்ச்மேன் பையன் உள்ள போன் பண்ணிக் கேட்டான். ஆட்டோ உள்ள விடாண்டாம், சார் உறங்குதாரு, பெறவு வரச் சொல்லுன்னு பதில் வந்துதாம். செரின்னு திரும்பிட்டேன்."

அந்த மத்தியானம் சுசீலாபாய்க்கு நன்றாக ஓர்மை இருந்தது. வாட்ச்மேன் ராகேஷ் கேட்டிலிருந்து கூப்பிட்டு, சாரின் தம்பி வந்திருக்கிறார் என்றான். சுவாமிதாஸ் உறங்கவில்லை, டிவி பார்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்ததும் பதில் சொன்னதும் அவள்தான். யாரோ என்று நினைத்துச் சொல்லவில்லை. தம்பி என்று தெரிந்தேதான் சொன்னாள்.

அவள் குனிந்து சேலை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குன்றுமேல் வீடு கட்டினவருக்கு மட்டும்தான் அந்த ஒபதியா அதிகாரம் பொருந்தும் என்று வரும் வழியில் நினைத்தது எவ்வளவு சௌகரியமான நினைப்பு.

"நீங்க கவலப்படாண்டாம்" என்றார் ஞானாபரணம். "நான் அத வாசிக்க மாட்டேன். மேய்ப்பன் சங்கீதம் சொல்லிடுதேன், அதுன்னா எல்லாரும் கூடச் சொல்லுவாவ. நாலு பேரு முன்னால அண்ணனக் கொறச்சுக் காட்டி எனக்கு என்ன கிடைக்கப் போவுது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இரண்டு சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு ஒரு சத்தம் போட்டுவிட்டு வந்திருப்பாள். இதை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கை இல்லை. எழுந்தாள்.

முற்றத்தைத் தாண்டும்போது பிரிஸில்லா கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அக்கா, ரெண்டு வருசமா ஒரு காரியம் எனக்கு விளங்கல்ல. அன்னிக்கு இவியள போலீஸ் ஜீப்புல ஏத்தும்போது ரோட்டுக்கு அந்தப்பக்கம் உங்க காரு நின்னுது. நான் ஓடி வந்தேன். அப்போ கண்ணாடி ஏறிச்சு. ஏத்தினது அவியளா, நீங்களா?"

சுசீலாபாய் காரை நோக்கி நடந்தாள். பொத்தானை அழுத்திய விரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அந்த விரலில் இன்று புது மோதிரம் கிடந்தது.

நான்கு மணிக்கு முற்றம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் எஞ்சினியர்மார் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை என்பதால், பக்கத்திலிருந்தவர்கள் மலையாளத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஞானாபரணம் வெளுத்த சட்டை போட்டு, தலை சீவி, ஒரு ஓரமாக வந்து நின்றார். பிரிஸில்லா கேட்டுக்கு அருகிலேயே நின்றுகொண்டாள்.

ஐயர் புதிதாக வந்த சின்ன வயதுக்காரர். ஜெபித்துவிட்டுத் திரையின் கயிற்றை இழுத்தார். கறுப்புக் கிரானைட்டில் தங்க எழுத்து பளபளத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கல்லைச் சுட்டிக்காட்டி, வேறு எங்கும் இந்த வசனம் கிடையாது என்று சுவாமிதாஸ் எஞ்சினியர்மாரிடம் சொன்னது பின்வரிசைவரை கேட்டது.

ஞானாபரணம் படியேறி வந்து கண்ணை மூடி, மேய்ப்பன் சங்கீதத்தைத் தொடங்கினார். இரண்டு வரி போவதற்குள் சபையும் கூடச் சேர்ந்துகொண்டது. சுசீலாபாய்க்கு மூச்சு திரும்பியது.

"லே, நிறுத்து" என்றார் சுவாமிதாஸ்.

சங்கீதம் நடுவில் நின்றது.

"கதவுல என்ன இருக்கோ அத வாசி. எல்லாவனும் சொல்லுதத சொல்லதுக்கா உன்னக் கூப்பிட்டேன்? இந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காச் செய்யப்பிடாதா?"

தன் வசனத்தை மட்டம்தட்டவே தம்பி சங்கீதத்துக்குத் தாவினான் என்று அவர் நினைத்தார். நினைத்ததை மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஞானாபரணம் தரையைப் பார்த்தார். "கண்ணாடி எடுத்துவர மறந்துட்டேன் அண்ணா. அதான் மனப்பாடமாத் தெரிஞ்சத..."

கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. வெளுத்த துணிக்குள் அதன் கறுப்பு விளிம்பு முன்வரிசைக்கே தெரிந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணனைக் காப்பாற்றப் பொய் சொல்லத் தெரியாமல் சொன்ன அந்த மனிதரின் காது சிவந்துபோனது.

சுவாமிதாஸ் மனைவி பக்கம் திரும்பினார். "நீ வா. நீ வாசி. இருபத்திரண்டு வருசம் பிள்ளையளுக்கு வாசிச்சுக் குடுத்தவதானே." அவள் மூன்று முறை பரிசு வாங்கியவள் என்பதை எஞ்சினியர்மாருக்கும் சொன்னார்.

பெரிய வேதாகமம் அவள் கைக்கு வந்தது. ரிப்பன் வைத்த இடம் தானாகத் திறந்தது. அவளும் சங்கீதத்தையே சொல்லிவிட்டு முடித்திருக்கலாம். மயக்கம் வருகிறது என்று உட்கார்ந்திருக்கலாம். அவள் தம்பியின் சட்டைப் பையைப் பார்த்தாள். அந்தக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பொய்யை வைக்க அவளால் முடியவில்லை.

வாசித்தாள்.

முதல் இரண்டு வசனத்தை யாரும் கவனிக்கவில்லை. பலகாரத் தட்டு அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கதவில் இருந்த பாதி வந்தபோது சுவாமிதாஸ் பெருமையோடு தலையசைத்தார். கல்லில் இல்லாத மீதிப் பாதி வந்தபோது தலை அப்படியே நின்றது. உயரத்திலிருந்து இறக்குவேன் என்ற இடத்தில், சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் எஞ்சினியர்மாருக்குச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். ஒரு எஞ்சினியர் மட்டும் இன்னும் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை.

அவள் நிறுத்தவில்லை. தம்பிக்குச் செய்த கொடுமை, வெட்கம் மூடும் நாள், தம்பியைப் பிடித்துக்கொண்டு போகும்போது எட்ட நின்ற அண்ணன் என்று வரிசையாக வந்தன. இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே நிதானமான குரல்தான். எட்ட நின்ற இடத்துக்கு வந்ததும் அந்தக் குரல் நின்றது.

சுசீலாபாய் வேதத்திலிருந்து தலையைத் தூக்கி, கேட்டுக்கு அருகில் நின்றவளைப் பார்த்தாள்.

"பிரிஸில்லா, இன்னிக்குக் காலத்த கேட்டியே. கண்ணாடிய ஏத்தினது நான்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, மீதி வசனத்தையும் கடைசி வரை வாசித்து முடித்தாள். கண்ணீர் வழிந்த முகத்தைத் துடைக்கவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. பார்க்கட்டும் என்று இருந்தது. பார்க்காமலிருந்தால் நன்றாயிருக்குமே என்றும் இருந்தது.

ஐயர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பாட்டைத் தொடங்கினார். ஏழெட்டுக் குரல் சேர்ந்தது. பிறகு பலகாரம் என்று யாரோ சொல்ல, ஜனங்கள் தப்பித்தோம் என்று பந்தல் பக்கம் நகர்ந்தார்கள். எஞ்சினியர்மார் மணி பார்த்துக்கொண்டு விடைபெற்றார்கள். சுவாமிதாசிடம் கைகொடுத்தவர்கள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்கள்.

வாசலில் மூவரும் கேட்டுக்கு அருகில் பிரிஸில்லாவும் மட்டும் மிஞ்சினார்கள்.

சுவாமிதாஸ் மனைவியைத் திட்டுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், அவளும் எதிர்பார்த்தாள். வெடி வைக்கச் சொல்லி அவர் போனில் அதட்டியது சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டுதான். அப்போது தோசை கொண்டுவந்து வைத்தவள் அவள். அதை அவள் இன்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் கீழே விழுந்துகிடந்த திரைத் துணியை எடுத்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, அறுபத்தொரு வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறினார். கல்லை மூடப் பார்த்தார். கண்ணாடிபோல மெருகேற்ற வேண்டும் என்று வீரபாண்டியை நான்கு முறை திருப்பி அனுப்பிச் செய்வித்த கல் அது. துணி அதில் நிற்கவில்லை, வழுக்கி அவர் தோளில் விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடியும் விழுந்தது. நாற்காலி ஆடியது.

ஞானாபரணம் வந்து நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் முறையும் துணி வழுக்கியது. சுவாமிதாஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தங்க எழுத்தைப் பார்த்தபடியே நின்றார். திரும்பாமல் கேட்டார்.

"திங்கக்கெழமை எத்தன மணிக்குடே?"

பதில் கேட்டுக்கு அருகிலிருந்து வந்தது. இரண்டு வருடத்தில் பிரிஸில்லா அவரிடம் பேசும் முதல் வார்த்தை.

"பத்தரைக்கு" என்றாள். "போன தடவையும் பத்தரைக்குத்தான்."